மரம் நட்ட கணக்கும் மரம் நின்ற கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

மரம் நடுவதற்கென்று நன்கொடை கேட்டு வருபவர்களிடம் முதலில் கணக்கைக் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற பதில்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். எந்தக் கணக்கை, எப்படிக் கேட்பது, கொடுத்தால் அதில் எதைப் பார்ப்பது என்பதே பெரும்பாலோரின் கேள்வி. எனவே இந்த இதழ் முழுவதும் அதற்கே. கடிதங்களில் இருந்த அமைப்புகளின் பெயர்களை நீக்கிவிட்டேன். ஒரு தரப்பின் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவர் மீதும் பழி சுமத்த எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: மறைந்த என் மனைவியின் நினைவாக, கன்றுக்கு 100 ரூபாய் வீதம் 250 மரக்கன்றுகளுக்கு 25,000 ரூபாயை ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தேன். மூன்றாண்டுப் பராமரிப்பும் அதில் அடக்கம் என்றார்கள். வண்ணப் படங்களோடு ஆண்டறிக்கை வந்தது. நான் விடாமல் கேட்ட பிறகு, தணிக்கை செய்யப்பட்ட கணக்கின் நகலும் வந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனான எனக்கு அந்த எண்கள் விளங்கவில்லை. நகலை இணைத்துள்ளேன். நான் கொடுத்த பணம் மரமாகியிருக்கிறதா, ஐயா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: விடாமல் கேட்ட பிறகாவது கணக்கைக் கொடுத்தார்கள் என்பதை முதலில் அவர்கள் பெயரில் வரவு வைத்துவிடுவோம். கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை எடுக்காமல் போகும் அமைப்புகளை நான் அறிவேன்.

நீங்கள் அனுப்பிய நகலில் மூன்று தாள்கள் இருக்கின்றன. பெறுதல் செலுத்தல் கணக்கு, வங்கியிலும் கையிலும் பணம் வந்ததையும் போனதையும் மட்டும் சொல்லும். வருவாய் செலவினக் கணக்கு, அந்த ஆண்டுக்கு உரிய வருமானம் எவ்வளவு, உரிய செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும். இருப்புநிலைக் குறிப்பு, மார்ச் 31 அன்று அந்த அமைப்பிடம் என்ன இருந்தது, அந்தப் பணம் எந்தெந்தப் பெயரில் ஒதுக்கப்பட்டிருந்தது என்று சொல்லும். நன்கொடை கொடுத்தவர்கள் பொதுவாக முதல் தாளோடு நின்றுவிடுகிறார்கள். மர அமைப்புகளைப் பொறுத்தவரை உண்மை இரண்டாம் தாளின் நடுவிலும் மூன்றாம் தாளின் இடப்பக்கத்திலும் இருக்கும்.

இரண்டாம் தாளைப் பார்ப்போம். நன்கொடை வருமானம் 62 லட்சம் ரூபாய். கன்றுக்கு 100 ரூபாய் என்றால் இது 62,000 கன்றுகளுக்கான பணம். செலவில் கன்று வாங்கியதும் குழி எடுத்ததும் 15,50,000, நடவு விழா 9,30,000, விளம்பரம் 7,20,000, ஊதியம் 8,40,000, வாகனம் 4,10,000, இதர செலவு 1,64,000. பராமரிப்பு என்ற தலைப்பில் 1,86,000. ஆக மொத்தச் செலவு 48 லட்சம், மிச்சம் 14 லட்சம். கூட்டலில் பிழை இல்லை, தணிக்கையாளர் கையெழுத்து இருக்கிறது, சட்டப்படி குறை சொல்ல முதல் பார்வையில் ஒன்றுமில்லை. ஆனால் பராமரிப்புத் தொகையை 62,000 கன்றுகளுக்கு வகுத்துப் பாருங்கள். கன்றுக்கு 3 ரூபாய் வருகிறது.

இந்த 3 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். நட்டதும் விடும் உயிர்த் தண்ணீரைத் தள்ளிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழையையும் கழித்துவிடுவோம். உங்கள் பகுதியில் தை பிறந்தது முதல் ஆடி வரை கன்றைக் காப்பாற்றுவது கையால் ஊற்றும் தண்ணீர்தான். ஒரு கன்றுக்கு ஒரு முறைக்குப் பத்து லிட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும், 62,000 கன்றுகளுக்கு ஒரு சுற்றுக்கு 6,20,000 லிட்டர் வேண்டும். அது 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கரில் 124 நடை. நடை ஒன்றுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்த 1,86,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 265 நடை வரும், அதாவது ஆண்டு முழுவதற்கும் இரண்டு சுற்றுத் தண்ணீர். களை எடுத்தல், ஆடு மாடு கடிக்காமல் வேலி கட்டுதல், பட்டுப்போன கன்றுக்குப் பதிலாகப் பாடுவாசி நிரப்புதல் எல்லாவற்றுக்கும் அதன் பிறகு ஒரு காசும் மிஞ்சாது.

இதற்கு நியாயமான விளக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கன்றுகளை விவசாயிகளின் பட்டா நிலத்தில் நட்டு, தண்ணீர்ப் பொறுப்பை அவர்களிடமே விட்டிருந்தால் பராமரிப்புச் செலவு குறைவாகத்தான் இருக்கும். பல நல்ல அமைப்புகள் அப்படித்தான் செய்கின்றன. சாலையோரத்தில் நட்டு மாட்டுக்குக் கொடுப்பதைவிட அது மேலானதும்கூட. ஆனால் அப்போது ‘மூன்றாண்டுப் பராமரிப்பு அடக்கம்’ என்று சொல்லி 100 ரூபாய் வாங்கியது ஏன் என்ற கேள்வி எழும்.

இனி மூன்றாம் தாள். மிச்சமான 14 லட்சம் ‘பொது நிதி’யில் சேர்க்கப்பட்டு, வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. மரம் நடும் அமைப்பிடம் ஆண்டு இறுதியில் பணம் மிஞ்சுவது தவறே அல்ல, மிஞ்சத்தான் வேண்டும். இந்த ஆண்டு வாங்கிய நன்கொடைக்கு அடுத்த இரண்டு ஆண்டும் தண்ணீர் ஊற்றியாக வேண்டுமே. அப்படியானால் அந்தத் தொகை ‘கன்று பராமரிப்பு நிதி’ என்றோ வேறு பெயரிலோ தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். பொது நிதியில் கரைந்துவிட்டால் அது அடுத்த ஆண்டின் நடவு விழாவுக்கும் போகலாம், ஜீப் வாங்கவும் போகலாம்.

வருமான வரிச் சட்டமும் இங்கே ஒரு தடயம் கொடுக்கிறது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டிலேயே தன் நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். 62 லட்சத்தில் 85 விழுக்காடு 52,70,000. இவர்கள் செலவிட்டது 48 லட்சம். குறைந்த 4,70,000 ரூபாயைப் பிற்காலத்துக்கென்று சேர்த்து வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எந்த நோக்கத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று படிவம் 10இல் துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்தப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். நோக்கம் என்ற இடத்தில் ‘நடப்பட்ட கன்றுகளின் பராமரிப்பு’ என்று எழுதியிருந்தால் உங்கள் சந்தேகத்தில் பாதி தீர்ந்தது. அப்படி ஒரு படிவமே இல்லை என்றால், மூன்றாண்டு வாக்குறுதியை அவர்கள் துண்டறிக்கையில் மட்டும் எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஆண்டறிக்கையில் ‘இதுவரை ஐந்து லட்சம் மரங்கள்’ என்று இருப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. பட்டுப்போன குழியில் மறுபடி நட்டால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடும், மறு ஆண்டு அதுவும் பட்டு இன்னொன்றை நட்டால் மேலும் ஒன்று கூடும். ஒரே குழி மூன்று மரமாகிவிடும். உயிரோடு நிற்கும் மரங்களின் எண்ணிக்கையை, நட்ட ஆண்டுவாரியாகவும் இடவாரியாகவும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் மனைவியின் பெயரில் நட்ட 250 கன்றுகள் எந்த ஊரில், எந்த நிலத்தில் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். நேரில் போய்ப் பார்க்க விரும்புவதாகச் சொல்லுங்கள். அதற்கு அவர்கள் காட்டும் முகம் தணிக்கை அறிக்கையில் இராது.

கேள்வி: 80ஜி சான்றும் நிதி ஆயோக் பதிவும் உள்ள அமைப்பு என்றால் நம்பிக் கொடுக்கலாம் அல்லவா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 80ஜி என்பது உங்களுக்கு வரிச்சலுகை கிடைக்கும் என்பதற்கான சான்று, அமைப்புக்கான நன்னடத்தைச் சான்று அல்ல. நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண்ணும் அப்படியே. அமைப்பு தன்னைப் பற்றித் தந்த விவரங்களுக்குக் கிடைக்கும் அடையாள எண் அது. இவை இல்லாவிட்டால் ஐயப்படலாம், இருப்பதாலேயே நம்பிவிட முடியாது.

ஆனாலும் 80ஜியிலிருந்து ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. நீங்கள் கொடுத்த தொகையை அமைப்பு, நிதியாண்டு முடிந்து மே 31க்குள் படிவம் 10பிடியில் துறைக்குத் தெரிவித்து, படிவம் 10பிஇ என்ற சான்றை உங்களுக்குத் தர வேண்டும். ரசீது புத்தகத்தில் எழுதிக் கொடுத்ததற்கு இப்போது சலுகை கிடையாது. 10பிஇ வந்தால் உங்கள் பணம் அவர்களுடைய கணக்கில் வரவாகியிருக்கிறது என்று பொருள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகையே இல்லை. ‘ரொக்கமாகக் கொடுங்கள், ரசீது பிறகு தருகிறோம்’ என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி சலுகை இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

தணிக்கை அறிக்கையின் கடைசியில், தணிக்கையாளரின் கையெழுத்துக்கு அருகே யூடிஐஎன் என்று 18 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் அதை இட்டுப் பார்த்தால், அந்த அறிக்கைக்கு அந்தத் தணிக்கையாளர்தான் எண் பெற்றாரா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை.

நான் சொல்லும் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் என்பதால், அதன் பிறகான ஆண்டுகளுக்கு எண்கள் வேறு. பழைய ஆண்டுகளின் கணக்குகளில் பழைய எண்களையே காண்பீர்கள்.

கேள்வி: நிர்வாகச் செலவு பத்து விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று என் அண்ணன் சொல்கிறார். இது சரியான அளவுகோலா?
– வாசகர், ஈரோடு

பதில்: அண்ணன் சொல்வதில் எச்சரிக்கை உணர்வு இருக்கிறது. ஆனால் மர அமைப்புகளுக்கு அந்த அளவுகோலை அப்படியே வைத்தால் நல்லவர்களைத் தள்ளிவிட்டு விளம்பரக்காரர்களைத் தேர்ந்தெடுத்துவிடுவோம்.

நிர்வாகச் செலவுக்கு எல்லோருக்கும் பொதுவான சட்ட வரம்பு இந்தியாவில் இல்லை. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புகளுக்கு, அந்தப் பணத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் நிர்வாகத்துக்குச் செலவிடக் கூடாது என்று 2020 சட்டத் திருத்தம் சொல்கிறது. அதற்கு முன்பு வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆரில், நிறுவனம் தன் நிர்வாகச் செலவாக 5 விழுக்காடு வரை காட்டலாம். இவை இரண்டும் தனித்தனிச் சட்டங்களின் கீழ் வருபவை.

நிர்வாகம், திட்டம் என்று பிரிப்பது யார் என்பதுதான் உண்மையான சிக்கல். ஏரிக்கரையில் காவல் இருந்து, காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றும் ஒரு பெரியவருக்கு மாதம் கொடுக்கும் கூலி ‘ஊதியம்’ என்ற தலைப்பில் வந்துவிட்டால் நிர்வாகச் செலவு கூடியதாகத் தோன்றும். பிரபலம் ஒருவரை அழைத்து, பந்தல் போட்டு, ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்ட செலவு ‘நடவுத் திட்டம்’ என்ற தலைப்பில் வந்துவிட்டால் எல்லாம் மரத்துக்கே போனதாகத் தோன்றும். நூற்றுக்கு நூறும் மரத்துக்கே என்று விளம்பரம் செய்யும் அமைப்பின் கணக்கில் அலுவலக வாடகை எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது என் தொழில் வழக்கம். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆகவே விழுக்காட்டை விட்டுவிட்டு, தண்ணீருக்கும் காவலுக்கும் எவ்வளவு என்று தேடச் சொல்லுங்கள். நட்டதற்குப் பணம் கொடுப்பதா, நிற்பதற்குப் பணம் கொடுப்பதா என்பதில்தான் நல்ல திட்டமும் வீண் திட்டமும் பிரிகின்றன. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், கிராமத்துப் பெண்களுக்குப் பிழைத்து நின்ற கன்று ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுத்தார்கள், நட்டதற்கு அல்ல. நம் மாநிலத்திலும் நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில், வேளாண் துறை வழியாகக் கன்று பெற்ற விவசாயிக்கு, இரண்டாம் ஆண்டு முதல் உயிரோடு இருக்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் அதைக் கொடுப்பதற்காக யாராவது ஒருவர் மறு ஆண்டு தோட்டத்துக்குப் போய்க் கன்றுகளை எண்ணியாக வேண்டும். அந்த எண்ணிக்கைக்காகவே இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

நட்டதற்கே செலவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டம் சாட்சி. அங்கே பல பத்தாண்டுகளாக அரசுப் பணத்தில் நடந்த மர நடவை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு, அடர்ந்த மரப்போர்வை அதனால் கூடியதற்குச் சான்று இல்லை என்று முடித்தது. மக்கள் தீவனத்துக்கும் விறகுக்கும் விரும்பிய அகன்ற இலை மரங்களின் பங்கு குறைந்துபோனதையும் அது சுட்டியது. அங்கே நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்று பார்த்திருந்தால் இதில் எதுவும் தெரிந்திராது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் நிதியில் ஓர் அமைப்பு ஐந்து ஏக்கரில் 20,000 மரங்கள் நட்டுத் தந்தது. ஒவ்வொரு கன்றுக்கும் இடக்குறியீட்டோடு படம் அனுப்பியிருக்கிறார்கள். இதற்கு மேல் நாங்கள் எதைச் சரிபார்க்க வேண்டும்?
– வாசகி, சென்னை

பதில்: படம் பார்ப்பதற்கு முன்பு பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாருங்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. பத்தடிக்குப் பத்தடி இடைவெளி விட்டு நட்டால் ஏக்கருக்கு 435 மரம். நன்றாகப் படர்ந்து வளரும் புங்கன், நாவல், இலுப்பை போன்றவற்றுக்கு அதுவே நெருக்கம். ஐந்து ஏக்கரில் 20,000 என்றால் ஏக்கருக்கு 4,000, அதாவது ஏறத்தாழ பதினோரு சதுர அடிக்கு ஒரு கன்று. நெருக்கமாக நட்டு அடர்காடு வளர்க்கும் மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள்கூட நடுவார்கள் என்பதால் இது நடக்க முடியாத காரியம் அல்ல. ஆனால் மியாவாக்கிக்கு மண்ணை ஆழத் தோண்டி எருவிட்டுப் பதப்படுத்த வேண்டும், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தவறாமல் தண்ணீர் விட வேண்டும். அதற்குரிய மண் வேலையும் சொட்டுநீர்க் குழாயும் பில்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கன்று, குழி, படம் மூன்றுக்கு மட்டுமே பில் இருந்தால் அது மியாவாக்கி அல்ல, நாற்றங்காலை இடம் மாற்றி வைத்தது போலத்தான்.

இடக்குறியீட்டுப் படம் நட்ட நாளில் கன்று அங்கே இருந்தது என்பதைச் சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஏரிக்கரை நடவைப் பார்வையிட ஒரு நிறுவனத்தின் சார்பில் போயிருந்தேன். அனுப்பிய படங்கள் அனைத்தும் ஒழுங்கு, குறியீடுகளும் ஒழுங்கு. கரையில் இரும்புக் கூண்டுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் நன்கொடையாளர் பெயரோடு தகரப் பலகை. உள்ளே குனிந்து பார்த்தால் பத்தில் ஏழு கூண்டில் காய்ந்த குச்சி. ஒரு கூண்டில் மட்டும் பச்சையாக ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது. அது சீமைக் கருவேலம். யாரும் நடவில்லை, தானாக முளைத்தது. அதற்கும் ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருந்தது!

எண்ணுவது யார் என்பதும் முக்கியம். துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகளை அரசு நடத்திய இயக்கத்தில் நட்டார்கள். மூன்று மாதம் ஆவதற்குள், தாங்கள் பார்த்த இடங்களில் 90 விழுக்காடு வரை பட்டுவிட்டதாக வனத்துறைத் தொழிற்சங்கம் சொன்னது. 95 விழுக்காடு நலமாக இருப்பதாக அமைச்சகம் சொன்னது. இரு தரப்பும் பேசியது ஒரே கன்றுகளைப் பற்றி. உங்கள் திட்டத்திலும் நட்ட அமைப்பே பிழைத்த கணக்கையும் கொடுத்தால் அதை ஏற்காதீர்கள். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையிடமோ வேளாண் கல்லூரியிடமோ ஒப்படைத்து, அவர்களே இடத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, இருபது கட்டங்களில் எண்ணித் தரச் சொல்லுங்கள். எண்ணும் மாதம் மே ஆக இருக்கட்டும், டிசம்பரில் எல்லாமே பச்சையாகத் தெரியும்.

அதே ஐந்து ஏக்கரை வேறு நிறுவனத்துக்கும் காட்டியிருக்கிறார்களா, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் எடுத்த குழிகளா, அரசு நாற்றங்காலில் இலவசமாக வந்த கன்றுகளா என்பதையும் உறுதி செய்யுங்கள். ஒப்பந்தத்தில் நிலத்தின் சர்வே எண்ணை எழுதி, இந்த நிலத்து மரங்களை வேறு எவருக்கும் கணக்குக் காட்டவில்லை என்று உறுதிமொழி வாங்குவதே எளிய வழி.

உங்கள் நிதித் துறைக்கும் ஒன்று சொல்லுங்கள். மர நடவை ஓராண்டு வேலையாக எழுதி, மார்ச் 31க்குள் முழுப் பணத்தையும் கொடுத்து முடிப்பதுதான் பெரும்பாலான சிஎஸ்ஆர் நடவுகள் பட்டுப்போகக் காரணம் என்பது என் கருத்து. தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்றாண்டு வரை நீளும் தொடர் திட்டமாக அறிவிக்கக் கம்பெனிச் சட்டமே இடம் தருகிறது. செலவாகாத தொகையை ஆண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கான தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். பாதித் தொகையை நடும்போதும், மீதியைப் பிழைத்த எண்ணிக்கைப்படி இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் கொடுங்கள்.

அரசுப் பணமே இதில் தடுமாறியிருக்கிறது என்பதால் தனியார் மட்டும் கூச்சப்பட வேண்டியதில்லை. காடழிப்புக்கு ஈடாக மரம் வளர்க்கும் நிதியைப் பற்றிய 2013ஆம் ஆண்டு அறிக்கையில், 2006 முதல் 2012 வரை கிடைத்திருக்க வேண்டிய வனமல்லாத நிலத்தில் 27 விழுக்காடே கிடைத்ததாகவும், மரம் வளர்க்கப்பட்டது 7 விழுக்காட்டில் மட்டுமே என்றும் இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் எழுதினார்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், இந்தியக் கடவுச்சீட்டுதான். ஊரில் உள்ள மரம் நடும் அமைப்புக்கு, வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லை. நான் பணம் அனுப்பலாமா? அமெரிக்காவில் குடியுரிமை பெற்ற என் தங்கையும் கேட்கிறாள்.
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: நீங்கள் அனுப்பலாம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கடவுச்சீட்டின் நகலை அமைப்பிடம் கொடுத்து வையுங்கள், அவர்களுடைய தணிக்கையாளர் கேட்பார். உங்கள் தங்கை அனுப்பக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலமே. அவர் எஃப்சிஆர்ஏ பதிவுள்ள அமைப்புக்கு, அதுவும் புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள அவர்களுடைய கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தங்கை அமெரிக்க அமைப்புக்கே கொடுக்க நினைத்தால் அவருக்கு வேலை எளிது. அங்கே தொண்டு நிறுவனங்கள் வருமான வரித் துறைக்குத் தரும் படிவம் 990ஐ எவர் கேட்டாலும் காட்ட வேண்டும், இணையத்திலும் கிடைக்கிறது. அதில் ஏழாம் பகுதி நிர்வாகிகளின் சம்பளத்தைச் சொல்லும். ஒன்பதாம் பகுதி செலவுகளைத் திட்டம், நிர்வாகம், நிதி திரட்டல் என்று மூன்று பத்திகளில் பிரித்துக் காட்டும். வெளிநாட்டில் மரம் நடும் அமைப்பானால் அதனோடு இணைந்த எஃப் அட்டவணையையும் பார்க்கச் சொல்லுங்கள். உலகின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போனது என்பது அதில் இருக்கும். நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் இணையதளங்களும் இந்தப் படிவத்தையே பெரிதும் நம்பியிருப்பதால், மரம் பிழைத்ததா என்பது அந்த நட்சத்திரங்களிலும் தெரியாது.

கேள்வி: நான் உறுப்பினராக உள்ள அமைப்பில், அறங்காவலரின் மைத்துனர் நடத்தும் நர்சரியில்தான் எல்லாக் கன்றுகளையும் வாங்குகிறார்கள். கேட்டால் ‘நம்பிக்கையான இடம்’ என்கிறார்கள். இது முறைகேடா?
– வாசகர், மதுரை

பதில்: உறவினரிடம் வாங்கியது என்பதாலேயே முறைகேடு ஆகிவிடாது. சட்டம் அதைத் தடை செய்யவும் இல்லை. ஆனால் நிறுவனர், அறங்காவலர், அவர்களின் உறவினர், அவர்களுக்குக் கணிசமான பங்குள்ள தொழில் ஆகியோருக்கு அறக்கட்டளையின் பணம் சந்தை விலையை மீறிப் போனால் அப்படிப் போன தொகைக்கு வரிவிலக்கு பறிபோகும் என்கிறது வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. தணிக்கையாளர் படிவம் 10பியில் அல்லது 10பிபியில் தரும் அறிக்கையில் இத்தகைய கொடுக்கல் வாங்கலைத் தனியே காட்ட வேண்டும். அந்தப் பக்கத்தில் மைத்துனரின் நர்சரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மறைக்கவில்லை என்று பொருள், விலையை மட்டும் ஆராய்ந்தால் போதும். அதே உயரம், அதே பை அளவுள்ள கன்றுக்கு வேறு இரண்டு நர்சரிகளிலும் வனத்துறை நாற்றங்காலிலும் விலைப்புள்ளி வாங்கி, பொதுக்குழுவில் வையுங்கள். அந்தத் தீர்மானத்தில் மைத்துனருக்கு உறவான அறங்காவலர் வாக்களிக்காமல் விலகி நிற்கட்டும். அந்தப் பக்கத்தில் நர்சரியின் பெயரே இல்லை என்றால், நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: நாங்கள் எட்டு இளைஞர்கள், எங்கள் ஊர் ஏரிக்கரையில் பனையும் வேம்பும் நடுகிறோம். ஊர் மக்கள் ஜிபேயில் 50, 100 என்று அனுப்புகிறார்கள். அது என் சொந்தக் கணக்குக்கு வருகிறது. ஒருவர் ‘கணக்கு எங்கே?’ என்று கேட்டது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. நாங்கள் என்ன செய்ய வேண்டும், அண்ணா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தம்பி, கேட்டவர் மீது வருத்தப்படாதே. முதலில் பணம் உன் சொந்தக் கணக்குக்கு வருவதை இந்த வாரமே நிறுத்து. ஏழு பேர் இருந்தாலே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். நீங்கள் எட்டுப் பேர் இருக்கிறீர்கள். பதிவு ஆனதும் சங்கத்தின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டோடு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பதிந்த பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு ஐந்தாண்டு கழித்து அபராதத்தோடு ஓடும் சங்கங்கள் ஏராளம். ஏரிக்கரை நீர்வளத் துறையின் பொறுப்பா, ஊராட்சியின் பொறுப்பா என்று கேட்டறிந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கரையைப் பலப்படுத்தும் வேலை வரும்போது அனுமதி இல்லாத கன்றுகளை இயந்திரம் முதலில் தூக்கும்.

பணக் கணக்கோடு ஒரு மர நோட்டும் போடுங்கள். நீளமான கணக்கு நோட்டு போதும். குழி எண், என்ன மரம், நட்ட தேதி, தண்ணீர்ப் பொறுப்பு யாருக்கு என்று நான்கு பத்தி. அதன் பிறகு ஒவ்வொரு மே மாதத்துக்கும் ஒரு பத்தி. இருந்தால் ‘உ’, பட்டிருந்தால் ‘ப’, மறுபடி நட்டிருந்தால் ‘ம’ என்று எழுதினால் போதும். ‘ம’வைப் புதிய மரமாக எண்ணாதீர்கள், அது அதே குழிதான். பனை விதை போட்ட இடத்தில் முளை மண்ணுக்கு மேலே வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், முதல் மே மாதம் அந்தப் பத்தியைக் காலியாக விடுவதில் தவறில்லை. மே மாத முடிவையும் அந்த ஆண்டின் வரவு செலவையும் ஒரே தாளில் எழுதி, ஊராட்சி அலுவலகப் பலகையிலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். ‘கணக்கு எங்கே?’ என்று கேட்டவரை, அடுத்த மே மாதம் நோட்டும் பேனாவும் கொடுத்துக் கூடவே கரைக்கு அழைத்துப் போய் எண்ணச் சொல்லுங்கள்.